புத்தகத்துக்குக் கால் கிடையாது

பகத்சிங் தூக்குமேடைக்கு அழைக்கப்பட்டபோதும் படித்துக்கொண்டிருந்தார். அம்பேத்கர் லண்டன் நூலகத்துக்குள் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வெளியே வந்தார். கையிலிருக்கும் புத்தகத்தை முடிக்க வேண்டும், அறுவை சிகிச்சையை ஒருநாள் தள்ளிவையுங்கள் என்றார் அண்ணா. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் பேச்சாளர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். மிச்சப் பாதிக்கு, யார் சொன்னதென்றே தெரியாத பொன்மொழிகள் இருக்கின்றன. கடைசியில் முன்வரிசைப் பெற்றோரைப் பார்த்து, "இந்தக் கோடை லீவுல உங்க பிள்ளை கையில ஒரு புத்தகத்தக் குடுங்க, மத்தத அந்தப் புத்தகம் பாத்துக்கும்" என்று முடிப்பார். கைதட்டல். பொன்னாடை.

இந்தப் பேச்சை நானும் பேசியிருக்கிறேன். திண்டுக்கல்லில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவனுக்கு அது தப்பாது. பொன்னாடைகள் இன்னும் பீரோவில் கிடக்கின்றன. அதனால் அடுத்தவன் வீட்டில் கல்லெறிகிற சுகம் எனக்கு இல்லை. என் பழைய பேச்சையே நான் மறுக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன மூன்று கதைகளில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு மேடையில் வளர்ந்தது என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. எனக்கு வழக்கு அந்தக் கடைசி வாக்கியத்தோடு மட்டும்தான். மற்றதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளாது. எங்கேயும் எப்போதும் அது தானாக எதையும் பார்த்துக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்றபின் வந்த ஒரு கோடையில்தான் இது எனக்கு உறைத்தது. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஆறு பிள்ளைகள் நாகல்நகரில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். வெயில் இறங்கி, சிறுமலைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வரத் தொடங்கும் ஐந்தரை மணிக்கு உட்கார்ந்தால் விளக்குப் போடும்வரை படிப்போம். புத்தகத்தின் சக்தியைப் பற்றிப் புத்தகங்களே என்ன சொல்கின்றன என்று பார்ப்பது என ஒரு விளையாட்டுப் போல முடிவு செய்தோம். பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’, ‘டான் குயிக்ஸோட்’டிலிருந்து சில அத்தியாயங்கள், ‘சத்திய சோதனை’யில் ஓர் அத்தியாயம், ‘என் சரித்திர’த்தில் பாதி, அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறு. மேடைக்கு ஆதாரம் திரட்டுகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க ஆதாரமெல்லாம் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் பிராட்பரி. 1953இல் வந்த நாவல். புத்தகம் வைத்திருக்கும் வீட்டைத் தேடிப்போய்க் கொளுத்துவதுதான் அதில் தீயணைப்புப் படையின் வேலை. புத்தகத்துக்கு எவ்வளவு சக்தி இருந்தால் இப்படிப் பயப்படுவார்கள் என்று மேடைகளில் இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பையன் கேட்டான்: "ஐயா, இந்தக் கதையிலயே அதிகமாப் படிச்ச ஆளு அந்தக் கேப்டன்தானே? அவர்தானே கொளுத்துறாரு?"

நான் அந்த நாவலை அதற்கு முன் இரண்டு தடவை படித்தவன். எனக்கு அது தோன்றியதில்லை. கேப்டன் பீட்டி பக்கம் பக்கமாக மேற்கோள் சொல்லக்கூடியவர். இலக்கியம் அவருடைய நாக்கு நுனியில் நிற்கிறது. அது அவரை நல்லவராக்கவில்லை. தனக்குக் கீழே வேலை பார்க்கும் மாண்டேகை மடக்கிப்போட உதவியது, அவ்வளவுதான். அதே நாவலில் ஃபேபர் என்று வேலையிழந்த ஒரு பேராசிரியர் வருகிறார். மாண்டேக் ஒரு புத்தகத்தோடு அவரிடம் போய் நிற்கிறான். அவர் ஒன்றும் புளகாங்கிதம் அடைந்துவிடவில்லை. புத்தகத்தில் தனியாக மந்திரம் எதுவும் இல்லை என்கிற தோரணையில்தான் பேசுகிறார். மூன்று விஷயம் வேண்டும் என்கிறார். வாழ்க்கையை நுணுக்கமாகப் பதிந்துவைத்த எழுத்து ஒன்று. அதைச் செரிக்க ஓய்வு இரண்டு. படித்ததை வைத்து ஏதாவது செய்வதற்கான உரிமை மூன்று. எண்ணிப் பாருங்கள், மூன்றில் இரண்டு புத்தகத்துக்கு வெளியே இருக்கின்றன. பிராட்பரிக்கு இது சொந்த அனுபவம். கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் நூலகத்தில் படித்தவர் அவர். இந்த நாவலுக்கான கதையைக்கூட லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரைமணிக்குப் பத்து சென்ட் வாடகைத் தட்டச்சுப் பொறியில் அடித்தார். உட்கார ஓர் இடமும் கட்டுப்படியாகும் வாடகையும் இருந்ததால் வந்த நாவல் அது.

அடுத்து காந்தி. திண்டுக்கல்காரனுக்கு இது வீட்டுக் கதை. ஊரைவிட்டு மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம். அங்கே புழங்கும் ‘சர்வோதயம்’ என்ற சொல்லே ஒரு புத்தகத்தின் தலைப்பை மொழிபெயர்க்கும்போது பிறந்ததுதான். ரஸ்கின் எழுதிய ‘கடையனுக்கும் கதிமோட்சம்’ நூலைக் காந்தி குஜராத்தியில் சுருக்கித் தந்தபோது வைத்த பெயர் அது. அந்த நூலை அவர் 1904இல் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் ஒரே மூச்சில் படித்தார், ராத்திரி தூக்கம் வரவில்லை, பொழுது விடிந்ததும் தன் வாழ்க்கையை அதன்படி மாற்றுவதென்று முடிவெடுத்தார். ‘சத்திய சோதனை’யில் இதைச் சொல்லும் அத்தியாயத்தின் தலைப்பிலேயே மந்திரம் வந்துவிடுகிறது. புத்தகத்தின் சக்திக்கு இதைவிடச் சாட்சி எங்கே தேடுவது?

தலைப்போடு நின்றுவிட்டால் சாட்சிதான். அத்தியாயத்தை நாங்கள் மெதுவாக, வாய்விட்டுப் படித்தோம். அவர் ஏன் அந்த ரயிலில் ஏறினார்? ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை நஷ்டத்தில் போகிறது என்று அங்கே பொறுப்பிலிருந்த ஆல்பர்ட் வெஸ்ட் கடிதம் எழுதியிருந்தார். அதைச் சரிசெய்யப் போகிறார். தலைக்குள் ஏற்கெனவே ஒரு கணக்குத் தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகம் எப்படி வந்தது? ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த நண்பர் போலக், இது உங்களுக்குப் பிடிக்கும் என்று கையில் கொடுத்தார். ஆளறிந்து, நேரமறிந்து கொடுத்தார். பயணமோ ஒரு முழு நாள். குறுக்கே யாரும் கூப்பிட வழியில்லை. படித்து முடித்தவரிடம் ஓர் அச்சகம் இருந்தது, கூட நிற்க வெஸ்ட் இருந்தார், நிலம் வாங்கப் பணம் திரட்ட வழி இருந்தது. அதனால்தான் ஃபீனிக்ஸ் பண்ணை எழுந்தது. இத்தனைக்கும் மேலாகக் காந்தியே ஒன்று சொல்கிறார். தனக்குள் ஏற்கெனவே ஆழமாக இருந்த நம்பிக்கைகள் சிலவற்றின் பிரதிபலிப்பைத்தான் அந்த நூலில் கண்டதாக நினைக்கிறார். கவிகளின் வாக்கு எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். பாடப்புத்தகத்துக்கு வெளியே தான் படித்தது மிகக் குறைவு என்று ஒப்புக்கொள்வதும் இதே அத்தியாயத்தில்தான். மேடையில் பேசப்படுகிற காந்தியும் இவரும் வேறு வேறு ஆட்கள்.

போலக் அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வராமல் இருந்திருந்தால் என்று ஒரு பெண் கேட்டாள். அந்தப் புத்தகம் அதற்கு முன்பும் நாற்பது வருடமாக உலகத்தில் இருந்ததுதானே என்று நான் சொன்னேன்.

அம்பேத்கர் விஷயம் இன்னும் கறாரானது. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது பாராட்டுக் கூட்டம் நடந்தது. மராத்தி எழுத்தாளர் கேளுஸ்கர் அதில் கலந்துகொண்டு, தான் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1956 அக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியவரின் கையில் ஐம்பது வருடத்துக்கு முன்பு வந்து சேர்ந்த புத்தகம் அது. இந்த இடத்தில் மேடைக்காரர் நெகிழ்ந்து நிறுத்துவார். நிறுத்தாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் விஷயம் வேறாகிறது. அந்தக் கேளுஸ்கர் பையனைப் பூங்காவில் படித்துக்கொண்டிருந்தபோதே கவனித்துப் பழகியவர். புத்தகம் கொடுத்ததோடு போய்விடவில்லை. படிப்புத் தொடர வழியில்லாமல் நின்ற நேரத்தில் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துப்போய், மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதும் அதே பரோடாவின் பணம். புத்தகத்தின் கதையைச் சொல்லிவிட்டு இருபத்தைந்து ரூபாயின் கதையை விழுங்குவது எனக்கு இப்போது அயோக்கியத்தனமாகவே படுகிறது. அந்த ரூபாயைச் சொன்னால், நமக்கும் கை நீளவேண்டியிருக்கும் என்பதுதான் காரணமோ என்னவோ.

உ.வே.சா.வை எடுத்துக்கொள்ளுங்கள். 1880. கும்பகோணம் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் ராமசாமி முதலியாரிடம், தான் படித்த அந்தாதி, கலம்பகம், உலா என்று பட்டியல் போடுகிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. இதெல்லாம் படித்து என்ன, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்கிறார். சிந்தாமணி அப்போது எங்கே இருந்தது? ஏட்டில் இருந்தது, நூற்றாண்டுக்கணக்காக அங்கேயேதான் இருந்தது. தமிழே மூச்சாக இருந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் அது தானாக நகர்ந்து வந்துவிடவில்லை. முகத்துக்கு நேராக அலட்சியமாகக் கேட்க ஒரு முன்சீப் தேவைப்பட்டார். பிறகும் அது எளிதில் திறக்கவில்லை. சமண நுணுக்கங்களைச் சொல்லித்தர அந்த ஊர்ச் சமணர்கள் தேவைப்பட்டார்கள். 1887இல்தான் பதிப்பு வந்தது. அதே ‘என் சரித்திர’த்தில் கரிவலம்வந்தநல்லூரில் ஏடு தேடிப்போன கதையும் இருக்கிறது. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம முறைப்படி அக்கினியில் சேர்த்துவிட்டதாக அங்கே பதில் வருகிறது. எந்த அரக்கனும் அவற்றைப் பார்த்துப் பயந்து கொளுத்தவில்லை. பக்தியாகக் கொளுத்தியிருக்கிறார்கள். படிக்க ஆளில்லாத ஏட்டின் சக்தி அவ்வளவுதான், நெருப்பு நன்றாகப் பிடிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகத்துக்குத் தானே இயங்கும் சக்தி உண்டு என்று முழுமனதாக நம்புகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. தடை கேட்பவர்கள். டான் குயிக்ஸோட்டின் நூலகத்தைக் குடைந்து புத்தகங்களை முற்றத்தில் எரிக்கிற பாதிரியாரும் நாவிதரும் அவர்களுக்கு முன்னோடிகள். படித்ததால் கெட்டான், எரித்தால் தேறுவான் என்பது அவர்கள் வைத்தியம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் எழுதிக் குவித்த நாவல்களால் பெண்கள் கெட்டுப்போவதாகத் தமிழ்ப் பெரியவர்கள் புலம்பியதை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்து நாலு வருடம் சாதுவாகத்தான் கடைகளில் இருந்தது. 2014 கடைசியில் அதை எரித்தார்கள், 2015 ஜனவரியில் எழுத்தாளரே தன் மரணத்தை அறிவிக்கும்படி ஆயிற்று, 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொன்னது. நாலு வருடம் சும்மா இருந்த சக்தி திடீரென்று எங்கிருந்து வந்தது? சில பக்கங்களை நகலெடுத்து வீடு வீடாகக் கொண்டுபோன ஆட்களிடமிருந்து வந்தது. ஆக, கெட்டது செய்யவும் புத்தகத்துக்கு ஆள் வேண்டும். ஒரு புத்தகம் தானாக மனிதனை உயர்த்தும் என்று மேடையில் முழங்கிவிட்டு, ஒரு புத்தகம் தானாக ஊரைக் கெடுக்காது என்று எந்த வாயால் தடைக்காரரிடம் வாதாடுவீர்கள்?

இனி, கோடைக்கு வருகிறேன். லீவில் பிள்ளை கையில் புத்தகம் கொடுத்தால் என்ன ஆகிறது என்று வெளிநாட்டில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ஆலிங்டனும் மெக்கில்-ஃபிரான்சனும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து இலவசமாகப் புத்தகம் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. வாசிப்புத் திறன் கூடியிருந்தது. எதிர்த்தரப்புக்கு இது சாதகம்தானே என்பீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எடுத்துப்போனவை அவர்களே கண்காட்சி வைத்துப் பொறுக்கியவை. அவற்றில் பாட்டுக்காரர்கள், நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்களுக்குத்தான் கிராக்கி. நம்மூர்ப் பள்ளிகள் கொடுக்கிற ‘விடுமுறையில் படிக்க வேண்டிய பத்து நூல்கள், தலா இரண்டு பக்கச் சுருக்கம்’ வகையறா இல்லை. ஹார்வர்டில் ஜேம்ஸ் கிம் செய்த சோதனையில், வெறும் புத்தகம் மட்டும் வாங்கிப்போன பிள்ளைகளிடம் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கோடைக்கு முன் ஆசிரியர் உட்கார்த்திவைத்து எப்படிப் படிப்பது என்று பழக்கி, வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொன்ன பிள்ளைகளிடம் தெரிந்தது. பெங்களூரில் அக்ஷரா அறக்கட்டளை பள்ளிகளில் நூலகம் வைத்து, ஆளும் போட்டு நடத்தியதை ஆராய்ந்தபோது மொழித்திறனில் முன்னேற்றமே தென்படவில்லை என்று 2012இல் எழுதினார்கள். இந்தக் கடைசி முடிவு என் கட்சிக்கும் இடிக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆளைப் போட்டுவிட்டால் போதும் என்பதும் இன்னொரு மந்திரம்தான் போலிருக்கிறது.

எனக்குப் படிக்க வந்தது எப்படி என்று யோசித்துப் பார்க்கிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கி, இரும்புக்கை மாயாவி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. தெருமுனைத் தையல் கடையில் மிஷின் ஓட்டுகிற அண்ணனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், பொறுமை கிடையாது. "டேய், நீ வாசி, நான் தைக்கிறேன்" என்பார். காஜா எடுக்கிற இன்னொருவர் கேட்பார். படத்தைப் பார்க்க அவருக்குக் கண் ஒழியாது. அதனால் படத்தையும் நான் வாயால் சொல்ல வேண்டும். மாயாவி மறைந்துவிட்டான் என்று படிக்கும்போது மிஷின் நிற்கும். அது நின்ற சத்தம்தான் எனக்கு முதல் விமர்சனம். பிறகு வாடகை நூலகம் வந்தது, நாளுக்குப் பத்துப் பைசா. பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பைண்டிங் புத்தகங்கள். ‘பொன்னியின் செல்வ’னை நான் மணியம் படங்களோடும் பல்பொடி விளம்பரங்களோடும் பாதியில் அறுந்த ஒரு சமையல் குறிப்போடும் சேர்த்துத்தான் படித்தேன். இப்போது கெட்டி அட்டைப் பதிப்பில் அந்த விளம்பரங்கள் இல்லாதது எனக்கு ஏதோ குறையாகத்தான் தெரிகிறது.

இந்த ஏற்பாடு என் அதிர்ஷ்டம் இல்லை, ஊரில் அப்படித்தான் இருந்தது. டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். திராவிட இயக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தது, சங்கக்காரர்கள் மன்றம் வைத்தார்கள். கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை. சலூனில் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அரசியல் படித்தவர்கள் எத்தனையோ பேர். படிப்பு என்பது அங்கே சத்தமுள்ள விஷயம், எதிர்த்துக் கேட்கப்படுகிற விஷயம். அவர்கள் யாரும் புத்தகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டுப் போகவில்லை. காலையில் வந்து கொட்டகையைப் பெருக்கினார்கள்.

அரசு ஏற்பாட்டைச் சொன்னால், நமக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதி சொன்னது 1931இல். அதே வருடம் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது. நீங்களும் நானும் கட்டும் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி இன்றைக்கும் கட்டுகிறோம். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது, புத்தகமும் வந்தது. அவற்றில் பல என்ன ஆயின என்று நம் மாவட்டத்துச் சாலைகளில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். சுவரில் எழுத்து இருக்கும், கதவில் பூட்டு இருக்கும். பூட்டு ஊர்க்காரன் சிலேடை பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். அது திண்டுக்கல் பூட்டுக்கூட இல்லை, அலிகர் பூட்டு. உள்ளே இருந்த புத்தகங்களுக்கு மேடைக்காரர் சொல்லும் சக்தி இருந்திருந்தால் கதவையாவது தட்டியிருக்கும். சமீபத்திய வாசிப்பு இயக்கத்தில் பள்ளிகளுக்கு வந்த சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பெயர்கள். நாலும் பிள்ளையைப் பார்த்துச் சொன்ன வினைச்சொற்கள். மே மாதம் பள்ளிக்கூடம் சாத்தியிருக்கும்போது அவை பீரோவில் நிற்கின்றன, என் பொன்னாடைகள் மாதிரி.

சரி, புத்தகத்தை இவ்வளவு மட்டம் தட்டினால் பிள்ளைகள் படிப்பார்களா, உள்ள ஆர்வமும் போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கோபித்தார். திண்டுக்கல் இலக்கியக் களம் அமைப்பு நண்பர்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வருடாவருடம் புத்தகத் திருவிழா நடத்த எவ்வளவு அலைகிறார்கள், அதைக் கொச்சைப்படுத்துகிறாயா என்றார். நேர்மாறாக, அந்த அலைச்சலைத்தான் நான் பேசுகிறேன். மேடையில் இருந்து பார்க்கும்போது அது தெரிவதில்லை. பந்தல்கால் நட்டவர், மழை வந்தால் தார்ப்பாய் இழுத்தவர், அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்தவர் எல்லாரையும் அழித்துவிட்டு, புகழை மொத்தமாகப் புத்தகத்தின் தலையில் சூட்டுகிறது அந்தப் பேச்சு.

இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட வெளியூர் ஆள் வேண்டாம். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிவிட்டு இருபத்தாறு வயதில் இறந்துபோன ராஜமய்யர் பிறந்த வத்தலக்குண்டில்தான் சி.சு. செல்லப்பா வளர்ந்தார். எழுத்தின் சக்தியை அவரைவிட அதிகம் நம்பிய ஒரு தமிழர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைக் கைக்காசு போட்டுத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புதுக்கவிதை என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒன்று கால் ஊன்றியது அங்கே. தன் ‘சுதந்திர தாகம்’ நாவலை எண்பத்தைந்து வயதில், 1997இல், தானே மூன்று பாகமாக வெளியிட்டார். சாகித்திய அகாதெமி பரிசு 2001இல், அவர் போய் மூன்று வருடம் கழித்து வந்தது. இப்படிப்பட்டவர், நல்ல எழுத்து தானே வாசகனைத் தேடிக்கொள்ளும் என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. பையில் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறி, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துவைத்தார். வாங்கியவர்கள் குறைவு. திருப்பித் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். எடை என்னவென்று அந்தத் தோளுக்குத் தெரியும்.

மாடிக்கு வந்த ஆறு பேரில் ஒரு பெண், போலக்கைப் பற்றிக் கேட்டாளே அவள், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சேர்த்துவிட்டார்களாம். காலையில் மில் வேன் வந்து ஏற்றிப்போகிறது, இருட்டிய பிறகு இறக்கிவிடுகிறது. ‘சத்திய சோதனை’யை அவள் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். அக்கா பாதிதான் படித்ததாம், அப்புறம் வந்து வாங்கிக்கொள்வாளாம். வேண்டாம், வைத்துக்கொள்ளச் சொல் என்று திருப்பிக் கொடுத்தேன். அதைக் கொடுத்தபோது நானும் மேடைக்காரனாகிவிட்டேன் என்று பிறகுதான் தோன்றியது. ஒருநாள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். புத்தகம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. படிச்சியாம்மா என்று கேட்கவில்லை. லீவு எப்போது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைங்கய்யா."

அவர்கள் ஊரில் கிளை நூலகம் இருக்கிறது, நடந்து போகிற தூரம். அதற்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான்.